சீருடை களைந்தோருக்கு வேலை: தகுதி உண்டு, அதை எடுத்துரைக்கும் ஏற்பாடு வேண்டும்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரும் பீடும் பொறித்துப் போற்றியது தமிழர் மரபு. வீழாமல் மீண்டவனைப் பற்றி அந்தக் கற்கள் அதிகம் பேசுவதில்லை. அவன் ஊர் திரும்பினான், ஏரையோ தறியையோ மறுபடி கையில் எடுத்தான் என்று கொள்வதே வழக்கம். இன்றைய உலகில் அது அவ்வளவு எளிதன்று. பதினெட்டு வயதில் சீருடை அணிந்து இருபத்தாறு வயதில் அதைக் களைந்து வெளியே வரும் இளைஞனுக்கு ஏரும் காத்திருப்பதில்லை, தறியும் காத்திருப்பதில்லை. காத்திருப்பது வேலைச் சந்தை ஒன்றே. அந்தச் சந்தைக்கு அவன் பேசும் மொழி புரிவதில்லை. சந்தையின் மொழி அவனுக்கும் பழக்கமில்லை.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலாரின் சிக்கல் அன்று. சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களும், சுவிற்சர்லாந்தில் குடியுரிமை பெற்ற தமிழ் இளைஞர்களும் சட்டத்தின் கட்டளைப்படி படைப்பணி ஆற்றக் கடமைப்பட்டவர்கள். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் தம் விருப்பின் பேரில் சேர்வதற்கு வாய்ப்பு உள்ளது. நிரந்தர வதிவுரிமை இல்லாது, ஆயினும் சட்டப்படி தங்கியிருந்தவர்களை அவர்களது மொழியறிவுக்காகவும் மருத்துவத் தகைமைக்காகவும் படையில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை 2008 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா அறிவித்தது. அத்திட்டம் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016 இல் அதற்கான ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. கனடாவோ 2022 நவம்பரில் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் தன் படைகளின் கதவைத் திறந்தது. ஆகவே, படைப்பணிக்குப் பின் என்ன என்ற வினா தமிழ் வீடுகளின் உணவு மேசைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பெற்றோரின் இருவகை அச்சம்

மகனோ மகளோ படையில் சேர விரும்புவதாகச் சொல்லும்போது புலம்பெயர்ந்த பெற்றோரின் உள்ளத்தில் எழும் அச்சம் இருவகைப்பட்டது. முதலாவது, உயிரைப் பற்றியது. போரின் கொடுமையைக் கண்ணால் கண்டு, சீருடை அணிந்தோரின் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு, தம் பிள்ளை அணியும் சீருடை எந்த நாட்டினதாயினும் நெஞ்சு பதைப்பது இயல்பு. அந்த அச்சத்தை எவரும் எள்ளி நகையாட முடியாது. படையில் சேர்வதா, வேண்டாமா என்பது அவரவர் மனச்சான்றுக்கும் குடும்பத்துக்கும் உரிய முடிவு.

இரண்டாவது அச்சம் வாழ்வாதாரம் பற்றியது. அயல் வீட்டுப் பிள்ளை பொறியியல் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்திருக்க, தம் பிள்ளை வெறுங்கையுடன் திரும்பி வந்து நிற்குமே, அந்த ஆண்டுகள் எல்லாம் வீணாகிவிடுமே என்ற கவலை அது. படைப்பணியின் ஆண்டுகள் வீண் என்ற கருத்து பிழையானது. ஆனால் அவை தாமாகவே பயன் தரும் என்ற கருத்தும் அதே அளவு பிழையானது. படையில் பெற்ற தகுதி, குடிசார் உலகம் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழாகவும் சொல்லாகவும் மாற்றப்பட்டால்தான் வேலையாகும். மாற்றப்படாவிட்டால் அது நினைவாகவே எஞ்சும்.

இந்த உண்மையைப் புலம்பெயர்ந்த பெற்றோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் பொறியியலாளராகவும் இருந்தவர்கள் புதிய நாட்டில் உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலை இரவுப் பணியிலும் நின்ற கதை ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர்களிடம் தகுதி இருந்தது. அதை ஏற்றுக்கொள்ளும் தாள் இருக்கவில்லை, பரிந்துரைக்க ஓர் ஆளும் இருக்கவில்லை. படையை விட்டு வெளிவரும் பிள்ளையும் ஒருவகையில் புதிதாகக் குடியேறியவனே. பிறந்து வளர்ந்த நாட்டிலேயே அவன் மறுபடி குடியேற வேண்டியிருக்கிறது.

வரலாறு சொல்லும் பாடம்

படையினரை வீதியில் விடும் நாடு எத்தகைய விலை கொடுக்கும் என்பதை அமெரிக்க வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. முதலாம் உலகப் போரில் பணியாற்றியோருக்கு ஈட்டுத்தொகை வழங்க 1924 இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அத்தொகையின் பெரும்பகுதி 1945 இல்தான் கைக்கு வரும் என்று விதிக்கப்பட்டது. இடையில் பெருமந்தம் தாக்கியது. வேலையும் வருமானமும் இழந்த பல்லாயிரக்கணக்கான முன்னாள் படையினர் 1932 கோடையில் குடும்பங்களோடு வாஷிங்டன் நகரில் திரண்டு, தொகையை உடனே வழங்குமாறு கோரிக் கூடாரங்களில் தங்கினர். அந்த ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையிலான படையினர் கண்ணீர்ப்புகையுடனும் கவச வாகனங்களுடனும் அவர்களை விரட்டினர். கூடாரங்கள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் படையே துரத்தியது.

அந்த வடு மறக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22 அன்று, ஜீ.ஐ. சட்டம் என்று பரவலாக அறியப்படும் படையினர் மறுசீரமைப்புச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். ஆண்டுக்கு 500 டொலர் வரையான கல்விக் கட்டணம், வீட்டுக்கடன் உத்தரவாதம், வேலை தேடும் காலத்தில் வாரம் 20 டொலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவி ஆகியவற்றை அது வழங்கியது. பணம் கொடுத்தால் சோம்பிக் கிடப்பார்கள் என்று அன்று வாதிட்டோர் உண்டு. நடந்தது வேறு. வேலையின்மை உதவிக்கென ஒதுக்கிய நிதியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. மாறாக, 1956 அளவில் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் கல்வி அல்லது தொழிற்பயிற்சி பெற்றிருந்தனர். 1947 இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படையினரே.

ஆயினும் அந்தச் சட்டத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. எழுத்தில் அது எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. நடைமுறை உள்ளூர் அலுவலர்களின் கையில் விடப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பினப் படையினர் வானொலிப் பொறியிலும் வாகனத் திருத்தத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பியபோதும், வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அவர்களைக் கூலி வேலைக்கே அனுப்பின. கல்லூரிகள் பல அவர்களுக்கு மூடியே கிடந்தன. நல்ல சட்டம் இருப்பது வேறு, அதன் பயன் சிறுபான்மையினரின் கைக்கு எட்டுவது வேறு. வேற்று நாட்டில் சிறுபான்மையாக வாழும் எந்தச் சமூகமும் இந்தப் பாடத்தை மனத்தில் இருத்த வேண்டும். உரிமை என்பது கேட்டறிந்து, விண்ணப்பித்து, தேவைப்படின் போராடிப் பெறப்படுவது.

தகுதி எங்கே தொலைகிறது?

அண்மைக் கால நிலவரத்தை நோக்குவோர்க்கு இரு ஆண்டுகளின் புள்ளிவிபரங்கள் போதுமானவை. 2011 இல், 2001 செப்ரெம்பருக்குப் பின் பணியாற்றிய அமெரிக்க முன்னாள் படையினரிடையே வேலையின்மை வீதம் 12.1 சதவீதமாக இருந்தது. அவர்களுள் 18 முதல் 24 வயது வரையான ஆண்களிடையே அது 29.1 சதவீதம். அதே வயதில் படைப்பணி ஆற்றாத ஆண்களிடையே 17.6 சதவீதம். 2019 இல் அதே தலைமுறைப் படையினரின் மொத்த வேலையின்மை 3.5 சதவீதமாகக் குறைந்தது. பொருளாதாரம் தேறியது ஒரு காரணம். இடைப்பட்ட ஆண்டுகளில் அரசும் தொழில் நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளும் துணைநின்றன. ஆகவே வேலையின்மை என்பது படையினரின் தலைவிதி அன்று. ஆனால் வேலை கிடைப்பதும், தகுதிக்கேற்ற வேலை கிடைப்பதும் ஒன்றல்ல. ஒன்பது பேர் கொண்ட அணியை நடத்தி, அவர்களின் உயிருக்கும் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள கருவிகளுக்கும் பொறுப்பேற்றிருந்த ஒருவர், பண்டகசாலை வாயிலில் இரவுக் காவலராக நிற்கும் நிலையைப் புள்ளிவிபரம் வேலையின்மை என்று கணக்கிடுவதில்லை.

அந்தத் தகுதி வழியில் தொலையும் இடங்கள் மூன்று.

முதலாவது, சொல். படைக்குள் பதவிப் பெயர், பிரிவு இலக்கம், சுருக்கெழுத்து ஆகியவற்றைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அதே சொற்களைத் தன்விபரக் கோவையில் எழுதினால், வேலை தருவோர் இரண்டு வரி வாசித்துவிட்டு ஒதுக்கிவைப்பர். 'வழங்கல் பிரிவுச் சார்ஜன்ட்' என்பதைக் காட்டிலும், 'இத்தனை பேரை மேற்பார்வை செய்தவர், இவ்வளவு பெறுமதியான கையிருப்பைக் கணக்குப் பிசகாமல் நிருவகித்தவர்' என்பதே அவர்களுக்குப் பொருள்படும். இதனோடு இன்னொரு பழக்கமும் குறுக்கே நிற்கிறது. படையில் 'நான் செய்தேன்' என்பது இழுக்கு, 'நாங்கள் செய்தோம்' என்பதே நெறி. நேர்முகத் தேர்வு நடத்துவோரோ, தனியொருவராக நீர் என்ன செய்தீர் என்றே கேட்பர். அடக்கத்தை அறமாகப் போற்றும் தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தடை இரட்டிப்பாகிறது.

இரண்டாவது, சான்றிதழ். போர்க்களத்தில் குருதிப்பெருக்கை நிறுத்தி உயிர்காத்த மருத்துவ உதவியாளர், ஊர் திரும்பியபின் உரிய அனுமதிப்பத்திரம் இன்றி நோயாளர் காவுவண்டியில் பணியாற்ற முடியாது. தாதியாவதற்கோ தனிப் படிப்பும் தேர்வும் வேண்டும். கனரக வாகனங்களைப் பாலைவனத்தில் ஓட்டியவருக்கும் நெடுஞ்சாலையில் பாரவண்டி ஓட்ட வணிக ஓட்டுநர் பத்திரம் வேண்டும். அமெரிக்காவில் இந்த அனுமதிகளை வழங்குவது பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே என்பதால் சிக்கல் மேலும் பெருகுகிறது.

மூன்றாவது, தொடர்பு. வேலைகள் பல விளம்பரத்தால் மட்டும் கிடைப்பதில்லை. உடன் படித்தோர், முன்னாள் மேலாளர், உறவினர் ஆகியோரின் வாய்ச்சொல்லும் வேலை தேடித் தருகிறது. எட்டு ஆண்டுகள் முகாம் விட்டு முகாம் மாறியவருக்கு அத்தகைய வலை இருப்பதில்லை. இந்த மூன்றாவது குறையைப் போக்க அரசால் முழுமையாக இயலாது. இங்கேதான் சமூகத்தின் பங்கு தொடங்குகிறது.

சட்டங்கள் திறந்துள்ள வழிகள்

அமெரிக்காவில் படையை விட்டு விலகுவோர்க்கென 1990 களின் தொடக்கத்தில் இருந்து பணிமாற்ற உதவித் திட்டம் நடந்துவருகிறது. 2011 இல் இயற்றப்பட்ட சட்டம் அதில் பங்குகொள்வதைப் பெரும்பாலும் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. விலகும் நாளுக்குக் குறைந்தது 365 நாள்களுக்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய விதி. அந்த ஓராண்டைச் சடங்காகக் கழிப்போர் பின்னர் வருந்துவர். 'ஸ்கில்பிரிட்ஜ்' என்னும் மற்றொரு திட்டத்தின்கீழ், பணியின் இறுதி 180 நாள்கள் வரை குடிசார் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெறலாம். அக்காலத்தில் சம்பளத்தைப் படையே தொடர்ந்து வழங்கும். கட்டளை அதிகாரியின் இசைவு இதற்கு இன்றியமையாதது என்பதால் முன்கூட்டியே கேட்டுவைத்தல் நன்று.

கல்விக்கென 2008 இல் இயற்றப்பட்டு 2009 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஜீ.ஐ. சட்டம் உள்ளது. 36 மாதங்கள் செயற்பணி ஆற்றியோர் அதன் முழுப் பயனையும் பெறுவர். அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநில மாணவருக்குரிய கட்டணம் முழுவதும், வீட்டு வாடகைப்படி, ஆண்டுக்கு 1,000 டொலர் வரை நூற்செலவு ஆகியவை 36 மாதங்களுக்குக் கிடைக்கும். பட்டப்படிப்புக்கு மட்டுமன்றித் தொழிற்பயிற்சிக்கும் இதைப் பயன்படுத்தலாம். 2013 ஜனவரி 1 முதல் விலகியோருக்குக் காலவரையறை இல்லை என்று 2017 இல் இயற்றப்பட்ட சட்டம் அறிவித்தது. இந்த உரிமையை வாழ்க்கைத்துணைக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கவும் இயலும். ஆனால் அதற்கான விண்ணப்பத்தைப் படையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். விலகியபின் கேட்டால் கிடையாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த நிதியைக் குறிவைத்து முன்னாள் படையினரை வலைவீசிப் பிடித்த இலாப நோக்குக் கல்லூரிகள் பல. ஒரு கல்லூரியின் வருவாயில் குறைந்தது 10 சதவீதம் கூட்டரசின் மாணவர் உதவி அல்லாத வழியில் வரவேண்டும் என்பது விதி. படையினரின் கல்விப் பணம் அந்தக் கூட்டரசு உதவியாக நெடுங்காலம் கணக்கிடப்படவில்லை. ஆகவே எத்தனை படையினரைச் சேர்க்கின்றனவோ அத்தனைக்கு அக்கல்லூரிகள் விதியைக் கடந்து தப்பின. 2021 இல் இயற்றப்பட்ட சட்டமே அந்த ஓட்டையை அடைத்தது. கல்லூரிகளின் தரத்தை ஆராய்வதில் தமிழ்ப் பெற்றோருக்கு நிகர் எவரும் இல்லை. அந்த ஆராய்ச்சியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டுமன்றி இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கும் செய்துகொடுப்பது தகும்.

படைப் பயிற்சியைக் கல்லூரிப் பாடங்களோடு ஒப்பிட்டு இத்தனை புள்ளிகள் பெறும் என்று அமெரிக்கக் கல்விப் பேரவை பரிந்துரைக்கிறது. தரைப்படை, கடற்படை போன்றவற்றில் பணியாற்றியோர் அதற்கான கூட்டுப் பெறுபேற்றுப் பத்திரத்தைக் கேட்டுப் பெறலாம். கனரக வாகனம் ஓட்டிய ஈராண்டு அனுபவம் உள்ளோர், பணியில் இருக்கும்போதோ விலகிய ஓராண்டுக்குள்ளோ விண்ணப்பித்தால், வணிக ஓட்டுநர் பத்திரத்துக்கான ஓட்டுத் தேர்வில் இருந்து விலக்குப் பெற வழியுண்டு. வேலையை விட்டுப் படைப்பணிக்குச் சென்றோருக்கு, பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை, பழைய வேலையைத் திரும்பப் பெறும் உரிமையை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. இடையில் போகாதிருந்தால் எந்தப் படிநிலைக்கு உயர்ந்திருப்பாரோ அந்த நிலையிலேயே அவரை அமர்த்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் சிறப்பு. கூட்டரசு வேலைகளுக்கான தேர்வில் தகுதியுள்ள முன்னாள் படையினருக்கு 5 புள்ளிகளும், பணியால் ஊனமுற்றோருக்கு 10 புள்ளிகளும் கூடுதலாக வழங்கப்படுகின்றன. பணியால் உடலோ உள்ளமோ பாதிக்கப்பட்டோருக்குத் தனியான தொழில் மறுவாழ்வுத் திட்டமும் உண்டு.

இவை அனைத்துக்கும் திறவுகோல் ஒரு தாள். பணி முடிவில் வழங்கப்படும் டி.டி. 214 என்னும் பத்திரமே அது. அதில் பயிற்சிகளும் விருதுகளும் விடுபடாமல் பதியப்பட்டுள்ளனவா, எத்தகைய விடுவிப்பு என்று எழுதப்பட்டுள்ளது என்பவற்றைக் கையொப்பமிடும் முன் சரிபார்த்தல் வேண்டும். கண்ணியமான விடுவிப்பு இன்றேல் மேற்கூறிய கல்வி உரிமை கிட்டாது.

ஏனைய நாடுகளில் நிலைமை

கனடாவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியோருக்கு 40,000 டொலர் வரையும், பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியோருக்கு 80,000 டொலர் வரையும் கல்வி, பயிற்சி உதவி வழங்கும் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதன்பின் இத்தொகைகள் விலைவாசிக்கேற்ப உயர்ந்துவருகின்றன. உடல்நலக் காரணத்தால் விலக நேர்ந்தோருக்குக் கூட்டரசுப் பணிகளில் முன்னுரிமை வழங்கும் சட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது.

பிரித்தானியாவில் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாது பணியாற்றியோர், விலகுவதற்கு ஈராண்டு முன்பிருந்து விலகியபின் ஈராண்டு வரை முழுமையான பணிமாற்ற உதவி பெறலாம். நான்கு ஆண்டுகளுக்குள் விலகுவோர் பெறும் உதவி அதனினும் குறைவு. முதன்முறையாகக் குடிசார் வேலையில் அமரும் முன்னாள் படையினருக்காக வேலை தருவோர் செலுத்தும் தேசியக் காப்புறுதிப் பங்கில் முதல் 12 மாதங்களுக்குச் சலுகை வழங்கும் ஏற்பாடு 2021 ஏப்ரலில் தொடங்கியது. இத்தகைய சலுகைகள் காலத்துக்குக் காலம் நீட்டிக்கப்படுபவை என்பதால், கடை நடத்தும் தமிழர் அவ்வப்போதைய விதியைக் கேட்டறிதல் நலம்.

சுவிற்சர்லாந்தில் நிலைமை வேறுவகையானது. அங்கே படைப்பணி வேலைக்கு இடையிலேயே ஆண்டுதோறும் வந்துபோவது. பணிக்காலத்தில் ஊழியரை நீக்க முடியாது. பணி 11 நாள்களுக்கு மேற்பட்டதாயின் அதற்கு முன்னும் பின்னும் நான்கு வாரங்களுக்கும் அந்தக் காப்பு உண்டு. வேலையில் உள்ளோருக்கு இழக்கும் வருமானத்தில் 80 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, ஈடுசெய்யப்படுகிறது. சிங்கப்பூரில் இளைஞர்கள் பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கு முன்பே ஈராண்டு தேசிய சேவையை முடிக்கின்றனர். பின்னர் ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கு அழைக்கப்படும்போது வருமான இழப்பை அரசு ஈடுசெய்கிறது. அங்கு எல்லா வீட்டு ஆண்பிள்ளைகளும் செல்வதால் படைப்பணி வேலைக்குத் தடையாக எண்ணப்படுவதில்லை. ஏனைய நாடுகளில் குறைவாக இருப்பது இந்தப் பொதுப் புரிதலே.

இளைஞரும் பெற்றோரும் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உரிமைகள் பலவும் நாள்காட்டியோடு கட்டப்பட்டவை. அமெரிக்காவில் 36 மாதம், கனடாவில் ஆறும் பன்னிரண்டும், பிரித்தானியாவில் நான்கும் ஆறும் ஆண்டுகள். எல்லைக்கோட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாக விலகியவர் பல்லாயிரம் டொலரை இழக்கக்கூடும். ஆகவே விலகும் நாளைத் தீர்மானிக்கும் முன் பிள்ளையும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து கணக்குப் பார்த்தல் வேண்டும். சேரும்போதே, கற்கப்போகும் தொழில் வெளியே எந்த வேலைக்கு உதவும் என்று ஆராய்வதும், பணிக்காலத்திலேயே குடிசார் சான்றிதழ்களைப் பெற்றுவிடுவதும் அறிவுடைமை. காயம் அல்லது நோய் ஏற்பட்டால் மறைக்காமல் மருத்துவப் பதிவில் சேர்த்துவிடல் வேண்டும். பதிவில் இல்லாத காயத்துக்குப் பின்னாளில் உதவி பெறுவது மிகக் கடினம்.

திரும்பி வந்த பிள்ளையை முதல் வாரத்திலேயே ஒப்பீட்டால் துளைப்பது பெற்றோர் தவிர்க்க வேண்டிய முதற்பிழை. 'உன்னுடன் படித்தவன் வீடு வாங்கிவிட்டான்' என்ற ஒரு சொல், கிடைத்த முதல் வேலையைத் தகுதிக்குக் கீழாயினும் பற்றிக்கொள்ளத் தூண்டும். புதிய நாட்டில் தாம் முதலில் பற்றிய வேலையில் இருந்து மீள எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் போதும். படையில் இருந்து வந்தோர் எல்லாரும் உள்ளம் உடைந்தவர்கள் என்று கருதுவதும் தவறு. உண்மையில் துன்புறுவோரை 'ஆண்பிள்ளை அழலாமா' என்று அடக்குவதும் தவறு.

தமிழ்ச் சமூகத்தின் கடமை

ஆளை ஆராய்ந்து அவனுக்கு ஏற்ற வினையை ஒப்படைப்பது பற்றி வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். அந்தக் கடமை இன்று புலம்பெயர் நாடுகளில் நிறுவனம் நடத்தும் தமிழர்மீதும் உள்ளது. வேலைக்கு ஆள் எடுக்கும் தமிழ் மேலாளர், புரியாத பதவிப்பெயருடன் வரும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு விளக்கம் கேட்கலாம். நேரந்தவறாமை, நெருக்கடியில் நிதானம், பல இனத்தவரோடு இணைந்து பணியாற்றும் பழக்கம் ஆகியவை பட்டச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை. ஆனால் எந்தத் தொழிலும் அவை இன்றி நடப்பதில்லை.

தமிழ்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் செய்யக்கூடியவை செலவு குறைந்தவை. அந்தந்த நகரில் படைப்பணி முடித்த தமிழரையும், பல்வேறு தொழில்களில் இருக்கும் தமிழரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சந்திக்கவைத்தல், தன்விபரக் கோவையைத் திருத்திக் கொடுக்க அனுபவம் உள்ளோரை ஏற்பாடு செய்தல், அரசுத் திட்டங்களின் விபரங்களைப் பெற்றோருக்குத் தமிழில் அச்சிட்டு வழங்குதல் ஆகியவை தொடக்கமாக அமையும். பொங்கல் விழா மேடைகளில் மருத்துவர்க்கும் பொறியியலாளர்க்கும் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அதே அரங்கில் ஒரு மேசை போட்டு, வேலை தேடுவோரும் வேலை தருவோரும் அமர்ந்து பேச இடமளித்தால் அவ்விழாவின் பொருள் மேலும் சிறக்கும்.

ஒரு தலைமுறை, தன் தகுதியை எடுத்துரைக்க ஆளின்றி ஆண்டுகள் பலவற்றை இழந்தது. அந்த இழப்பின் அனுபவம் கையில் இருக்கும்போது, அடுத்த தலைமுறையும் வேறொரு வாயிலின் முன் அதேபோல் நிற்கவிடுவது பொருத்தமன்று. சீருடை களைந்து வரும் பிள்ளைக்கு இரக்கம் தேவையில்லை. அவனது தகுதியை வேலை தருவோரின் மொழியில் சொல்லத் தெரிந்த ஒருவர், உரிய படிவம் எது என்று அறிந்த ஒருவர், கதவைத் திறந்து உள்ளே அழைக்கும் ஒருவர் போதும். அந்த மூவரும் தமிழ்ச் சமூகத்துக்குள்ளேயே இருக்கின்றனர். அவர்களை அப்பிள்ளையோடு சேர்த்துவைப்பதே உடனடியாக ஆகவேண்டிய பணி.